கீழ் வீட்டுக் கையெழுத்து

அந்தக் கட்டடத்தில் எட்டு வீடுகள். எட்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து ஒரு காரியத்துக்குத் தலையாட்டியதாக அதுவரை சரித்திரம் இல்லை. மாடிப்படியின் மரக் கைப்பிடிக்கு எந்தக் காலத்திலோ ஒருவர் பச்சை அடித்தார். அடுத்து வந்தவர் அதன் மேல் நீலம் அடித்தார். அவருக்கு அடுத்தவர் இரண்டும் பிடிக்காமல் காப்பிக்கொட்டை நிறத்தைப் பூசினார். இப்படியே ஏழு பூச்சு. அடியில் நல்ல தேக்கு தூங்குகிறது என்று யாரோ ஆணியால் கீறிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் எட்டு வீடும் ஒரே வாயாக, மேலே இருக்கிற அசிங்கத்தை எடுத்துவிடலாம் என்றன. அதை எடுக்க வந்தவள்தான் இவள்.

பழைய மரத்தை மீட்டெடுப்பது அவள் தொழில். பெயின்ட்டைத் தின்கிற மருந்தைப் பூசி, அரை மணி நேரம் ஊறவிட்டு, பூச்சு குமிழ்விட்டுக் கிளம்பியதும் தகட்டால் சுரண்டி எடுப்பாள். படித்து, பரீட்சை எழுதி, உரிமம் வாங்கியவள். இருபது வருடத்தில் அவள் வேலை செய்த கட்டடத்தில் ஒரு பூனைக்குக்கூடத் தும்மல் வந்ததில்லை. ஆனால் கீழ் வீட்டம்மா முதல் நாளே அவளுக்குச் சுரண்டி என்று பெயர் வைத்துவிட்டாள்.

"ஊரைச் சுரண்டுறவன் எல்லாம் மாடி மேல மாடி கட்டுறான். நீ ஒருத்திதான் நிஜமாவே சுரண்டுற, உனக்கு ஒரு ஓலைக் குடிசைகூடக் காணோமே" என்று சொல்லி அவளே முதலில் சிரித்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது. எட்டு வீட்டிலும் அதற்குப் பிறகு அவள் சுரண்டிதான்.

கீழ் வீட்டம்மாவுக்கு இதயம் பாதிதான் வேலை செய்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மிச்சப் பாதி வேலையை வாய் பார்த்துக்கொண்டது. படிக்கட்டு வந்து இறங்குகிற இடத்திலேயே அவர்கள் வீட்டு வாசல். வாசலுக்கு உள்ளே ஒரு சாய்வு நாற்காலி போட்டு, காலையிலிருந்து இருட்டும் வரை போகிற வருகிற கால்களை எடை போட்டுக்கொண்டிருப்பாள். அவள் புருஷன் மின்சாரக் கம்பத்தில் ஏறி இறங்கியே முப்பத்து நான்கு வருடம் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் எல்லாருக்கும் லைன்மேன்தான். அத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட ஷாக் வாங்கியதில்லை என்பது அவர் பெருமை. யார் வீட்டில் ஒயர் தொங்கினாலும் அவருக்கு உடம்பு பதறும். தண்ணியும் கரண்டும் மாமியார் மருமகள் மாதிரி, ஒரே அடுப்படியில் விடக் கூடாது என்பார்.

சுரண்டிக்கு அம்மா போய் ஆறு வருடம். கூடப் பிறந்தவர்கள் ஆளுக்கொரு திசை. அளவெடுக்க வந்த முதல் வாரத்திலேயே இவர்களை மாமா, அத்தை என்று கூப்பிடத் தொடங்கிவிட்டாள். அவள் வரும் நேரம் பார்த்து அந்த வீட்டில் காப்பி தயாராக இருக்கும். அவளும் கைப்பிடியை அளக்கிறேன் என்று தேவையில்லாமல் இரண்டு தரம் வந்து போனாள். தனியாக இருக்கிறவர்களுக்கு, வந்தியா என்று கேட்க ஓர் ஆள் கிடைத்தால் போதும்.

அந்த மருந்தின் குணத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். அதிலிருந்து கிளம்பும் ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாது. கொட்டின தண்ணீர் மாதிரி ஒவ்வொரு படியாக இறங்கி, ஆகக் கீழே வந்து தேங்கும். லேசாக இனிக்கிற வாடைதான், மூக்கு சீக்கிரம் பழகிவிடும். மூச்சோடு உள்ளே போனால் ரத்தத்தில் கலந்து இதயத்தின் கழுத்தைப் பிடிக்கும். அதனால் படிக்கட்டின் அடியில் இருக்கிற பின்பக்க ஜன்னலில் ஒரு பெரிய ஃபேனைப் பொருத்தி, தேங்குவதை அப்போதைக்கப்போதே வெளியே இழுத்துத் தள்ள வேண்டும். ஃபேன் ஓடுகிற வரை பயமில்லை. நின்றால் வேலையும் நிற்க வேண்டும்.

இதை வீடு வீடாகப் போய்ச் சொல்லிக் கையெழுத்து வாங்குவது அவள் வழக்கம். அச்சடித்த தாளில் மூன்று விஷயம். கீழே ஓடுகிற ஃபேனை யாரும் தொடக் கூடாது. வேலை நடக்கிற நேரத்தில் வாசல் கதவை மூடி வைக்க வேண்டும். இதயக் கோளாறோ மூச்சுக் கோளாறோ உள்ளவர்கள் நான்கு நாள் வேறு இடத்தில் தங்க வேண்டும். மேல் வீடுகளில் அவள் ஈவு இரக்கம் பார்க்கவில்லை. மூன்றாம் மாடி டீச்சருக்கு இழுப்பு உண்டு. நான் எங்கே போவேன் என்று அழாத குறையாகக் கேட்டவரைத் தங்கை வீட்டுக்கு ஆட்டோ ஏற்றிவிட்டுத்தான் ஓய்ந்தாள். இரண்டாம் மாடி வக்கீல் தாளை வாங்கி, அதில் நான்கு தப்பு கண்டுபிடித்து, பிறகு கையெழுத்துப் போட்டார். ஏழு வீடும் முடிந்து கடைசியாகக் கீழே வந்தபோது அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அத்தை காப்பியை நீட்டினாள்.

இங்கே தாளை எடுத்து நீட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று படிக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அந்நியருக்குத்தான் சட்டம். சாப்பிட்டியா என்று கேட்கிறவர்களிடம் சட்டம் படித்தால் முகத்தில் அடித்த மாதிரி இருக்கும் என்று நினைத்தாள். நாலு நாளைக்கு மகள் வீட்டுக்குப் போய் வாங்களேன் அத்தை என்று மட்டும் சொல்லிப் பார்த்தாள்.

"அங்க போய் எதைப் பார்க்கிறது? எதிர்ல ஒரு லிஃப்ட். அது வாயைத் திறக்கும், மூடும். ஒரு வார்த்தை பேசாது" என்றாள் அத்தை. "ஆமா, அதென்னவோ ஆவி வரும்னு எல்லாரையும் பயமுறுத்திட்டு வந்தியாமே? எனக்கு இந்த வயசுல ஆவியைப் பார்த்தா பயமா? நாளைக்கு நானே அதுதானே."

மூவரும் சிரித்தார்கள். சிரித்த வாயோடு இன்னொரு தரம் வற்புறுத்த முடியவில்லை. உண்மையைச் சொன்னால், அவள் வற்புறுத்த விரும்பவும் இல்லை. அத்தை போய்விட்டால் அந்த நான்கு நாளும் பூட்டின கதவைப் பார்த்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். பின்பக்க ஜன்னலில் எதற்கும்மா ஃபேன் என்று மாமா கேட்டார். அது வாடையைத் தள்ளுவதற்கு என்று சொல்லி முடித்தாள். அவர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார், கையெல்லாம் சோப்பு. எங்கே போடணுமோ நீயே போட்டுக்கோம்மா, உனக்குத் தெரியாததா என்றார். எட்டாவது கையெழுத்தை அவளே போட்டாள்.

முதல் இரண்டு நாள் ஒரு குறையும் இல்லாமல் போயிற்று. நீலம் கழன்றது, பச்சை கழன்றது, மேல் மாடியில் தேக்கு முகம் காட்டியது. மூன்றாம் நாள் பதினோரு மணிக்குக் கீழே வந்து ஃபேனைப் பார்த்துவிட்டுப் போனாள். அத்தை நாற்காலியில் இருந்தாள். உன் மூஞ்சி மூடியைப் போட்டால் யானைக்குட்டி மாதிரி இருக்கிறாய் என்றாள். அரை மணி நேரத்துக்கு ஒரு தரம் இறங்கி வந்து ஃபேனைப் பார்ப்பது விதி. பதினொன்றரைக்குப் பூச்சு கிளம்பிவிட்டது, காயவிட்டால் மறுபடியும் பூச வேண்டும், இதை முடித்துவிட்டு இறங்கலாம் என்று இருந்துவிட்டாள். அப்போதுதான் மழை பிடித்தது. படிக்கட்டுக்கு மேல் தகரக் கூரை. அந்தச் சத்தத்தில் இடியே விழுந்தாலும் கேட்காது, ஃபேன் நின்றதா கேட்கப் போகிறது? இடுப்பில் தொங்கிய, ஆவியை அளக்கிற கருவியைப் பார்த்தாள். நல்ல எண்தான் காட்டியது. ஆவி இறங்கிப் போன பிறகு மேலே இருக்கிற கருவி வேறு எதைக் காட்டும்?

மழை குறைந்ததும் இறங்கினாள். முதல் மாடியில் முகமூடியைக் கழற்றினாள். அந்த இனிப்பு வாடை பளீரென்று மூக்கில் ஏறியது. மிச்சப் படிகளை எப்படி இறங்கினாள் என்று அவளுக்குத் தெரியாது. ஜன்னல் சாத்தித் தாழ்ப்பாள் போட்டிருந்தது. ஃபேன் சுவரோரமாக நின்றது. துடைத்து, மேலே ஒரு பழைய துண்டு போர்த்தி, ஒயரை ஒரே அளவு வளையமாகச் சுற்றி, நடுவில் ஒரு கட்டுக் கட்டி வைத்திருந்தது. அப்படி ஒயர் சுற்றுகிற கை அந்தக் கட்டடத்தில் ஒன்றுதான் உண்டு.

அத்தை நாற்காலியில் தலையைச் சாய்த்துக்கொண்டு இருந்தாள். சுரண்டி கூப்பிட்டாள், உலுக்கினாள். நாற்காலியோடு தரதரவென்று இழுத்துத் தெருவுக்குக் கொண்டுவந்து, தூறலில் கிடத்தி, மார்பை அழுத்தினாள். யாரோ ஆம்புலன்சுக்குச் சொன்னார்கள். தெருமுனையில் குடையும் மருந்துக்கடைப் பொட்டலமுமாக மாமா வந்துகொண்டிருந்தார். மழைக்கு ஒதுங்கியதில் முக்கால் மணி நேரம் தாமதம். இவள் எதற்காக அத்தையை நனைய விடுகிறாள் என்றுதான் அவர் முதலில் கோபித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அத்தையிடம் உயிர் மிச்சமில்லை.

எல்லாம் முடிந்து, மகளும் மருமகனும் ஊர் திரும்பின ஐந்தாம் நாள் அவள் அந்த வீட்டுக்குப் போனாள். அந்த நான்கு நாளும் தன்னை அவள் திட்டாத திட்டில்லை. தாளைப் படித்துக் காட்டியிருந்தால் அவர் ஃபேனைத் தொட்டிருக்க மாட்டார். சொன்னதைச் சொன்னபடி கேட்கிற மனிதர். எல்லாவற்றையும் அவர் காலில் கொட்டிவிட வேண்டும் என்றுதான் போனாள். ஃபேன் எதற்கு என்று நான் உங்களிடம் சரியாகச் சொல்லவில்லை, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டால், அவர் அடித்தாலும் சரி, அழுதாலும் சரி.

அவர் தானே காப்பி போட்டுக்கொண்டு வந்தார். சர்க்கரை அதிகம். நாற்காலி இருந்த இடம் காலியாக இருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"உன் ஃபேன் நனையலம்மா. சாரல் நேரா அதுலதான் அடிச்சுது. கடைக்குக் கிளம்பினவன் பார்த்துட்டேன். நீயோ மேல ஈரக் கையோட வேலை பார்க்கிற. இறங்கி வந்து அதைத் தொட்டா என்ன ஆகும்? நிறுத்தி, கழட்டி, துடைச்சு வெச்சுட்டுத்தான் போனேன்."

அவள் தலையை ஆட்டினாள்.

"எவ்வளவு பேரைக் கம்பத்துலேர்ந்து இறக்கியிருக்கேன் தெரியுமா" என்றார். "அவ மூச்சு விடத் தவிச்சப்போ நான் கிட்ட இல்ல. எங்கயோ ஒரு கடை ஓரத்துல மழையை வேடிக்கை பார்த்துக்கிட்டு நிக்கிறேன். அதை நினைச்சா ராத்திரி தூக்கம் வரலை. அப்புறம், சரி, போகிறதுக்கு முன்னாடி இந்தப் பொண்ணையாவது காப்பாத்திட்டுத்தானே போனோம்னு நினைச்சுப்பேன். அந்த ஒண்ணை வெச்சுத்தான் படுக்கிறேன்."

உண்மை சுடும் என்பார்கள். சுடுவது யாரை என்று பார்த்துச் சொல் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அவள் காப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். நாளைக்கு விசாரணைக்கு அதிகாரி வருகிறாராம், என்னையும் ஏதோ கேட்கணுமாம் என்று அவர் சொன்னதும் எழுந்துவிட்டாள். வேலை இருக்கிறது மாமா என்றாள்.

நேரே தொழிற்பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரி நிதானமான ஆள். மேசையில் எட்டுக் கையெழுத்துப் போட்ட தாளும், சம்பவ இடத்தில் எடுத்த படங்களும் இருந்தன. பதினொரு மணிக்குக் கீழே போனபோது ஒரு டப்பா மருந்தைத் திறந்து கீழ் வீட்டு வாசலை ஒட்டிப் படிக்கு அடியில் வைத்தேன், மூட மறந்து மேலே போய்விட்டேன் என்றாள். மழை வந்தவுடன் ஃபேனை நிறுத்தினதுகூட நான்தான் என்றாள். அதிகாரி எட்டாவது கையெழுத்தைக் காட்டி இது யாருடையது என்றார். அது ஒன்றுக்குத்தான் அவள் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இது ஒன்றே போதும், உங்கள் உரிமம் போய்விடும், வழக்கும் வரலாம் என்றார். தெரியும் என்றாள்.

அவர் ஒரு படத்தை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். துண்டு போர்த்தின ஃபேன், வளையமாகச் சுற்றின ஒயர்.

"எழுதுறதுக்கு முன்னாடி இன்னொரு தரம் கேக்கிறேன். இதை நிறுத்துனது யாரு?"

"நான்தாங்க."

"ஒயரை ரொம்ப அழகாச் சுத்தியிருக்கீங்க" என்றார். பிறகு பேனாவை எடுத்து எழுதினார். பெரியவர் கடைக்குப் போயிருந்தவர்தானே, அவரைக் கேட்டு என்ன ஆகப் போகிறது என்று தாளைப் பார்த்தபடியே சொன்னார். ஆனால் எதனால் நடந்தது என்பதை அவருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், அது விதி என்றார். நானே சொல்லிவிடுகிறேன் என்றாள் அவள்.

மறுநாள் காலையில் சொன்னாள். அவர் வாசலில் நின்றார், அவள் படிக்கட்டின் கடைசிப் படியருகே நின்றாள். பாதி பழைய பூச்சும் பாதி தேக்குமாகக் கைப்பிடி அப்படியே கிடந்தது. டப்பாவைத் திறந்து வைத்ததைச் சொன்னாள், மறந்ததைச் சொன்னாள். அதன் ஆவிதான் அத்தையின் இதயத்தை நிறுத்தியது, டாக்டரும் அப்படித்தான் எழுதியிருக்கிறார் என்றாள். பாடம் ஒப்பிக்கிற மாதிரி நிறுத்தாமல் சொன்னாள். நிறுத்தினால் அழுதுவிடுவோம், அழுதால் உண்மை வந்துவிடும் என்று பயம்.

லைன்மேனின் கண் மெல்ல அந்த ஜன்னல் பக்கம் போனது. முப்பத்து நான்கு வருடம் எது எதோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்ட மூளை, சும்மா இருக்குமா?

"அந்த ஃபேன் ஓடியிருந்தா?" என்று கேட்டார்.

அவள் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அது வாடைக்கு வெச்சது மாமா. ஓடினாலும் ஒண்ணுதான், ஓடாட்டாலும் ஒண்ணுதான். டப்பாவை மூடியிருந்தா அத்தை இருந்திருப்பாங்க."

அவர் தோள் தளர்ந்ததைப் பார்த்தாள். அந்த ஒரு நொடி அவளுக்குப் போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் முகம் மாறியது. இத்தனை நாளில் அவரிடம் அவள் பார்க்காத முகம்.

"உன்னை அவ வீட்டுக்குள்ள விட்டா. காப்பி குடுத்தா. நீ ஒரு மூடியை மூடலை."

மேல் வீடுகளில் கதவுகள் திறக்கிற சத்தம் கேட்டது. வக்கீல் எட்டிப் பார்த்தார். லைன்மேனுக்குக் குரல் உடைந்தது, ஆனாலும் எட்டு வீட்டுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

"போயும் போயும் உன்னைக் காப்பாத்தினேன் பாரு. அந்த ஃபேனை நான் நிறுத்தியிருக்கவே கூடாது. ஓடட்டும்னு விட்டுட்டுப் போயிருக்கணும்."

அவர் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போடுகிற வரைக்கும் தலையைக் குனிந்துகொண்டு அங்கேயே நின்றாள். பிறகு தெருவுக்கு வந்தாள்.